டெஸ்ட்டு மாத்திரை

ஆரணியில் ஜரிகைக்கு டெஸ்ட் என்று பேர் வந்தால் அது போலி. வெள்ளிக் கம்பியில் பொன்முலாம் பூசினது அசல் ஜரிகை. செம்புக் கம்பியில் வெள்ளியைக் கொஞ்சம் தடவி, மேலே மஞ்சள் காட்டினது டெஸ்ட்டு ஜரிகை. அந்தப் பேர் எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டதும் இல்லை. பள்ளிக்கூடத்து டெஸ்ட் வேறு, ரத்த டெஸ்ட் வேறு, ஜரிகை டெஸ்ட் வேறு. தறிக்காரனுக்கு மூன்றும் குழம்பாது.

வெளியூர்க்காரர்களுக்குக் குழம்பும். பிலவேந்திரன் அதைத் தன் வீட்டுக்குள்ளேயே பார்த்திருக்கிறார். பெரணமல்லூரிலிருந்து ஒரு அம்மாள் மகளுக்குக் கல்யாணப் புடவை எடுக்க வந்தாள். கடையில் எடுத்தால் ஏமாற்றுவார்கள், நேராக நெய்கிறவனிடம் போ என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். புடவையை மடியில் போட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, ஜரிகை எப்படி என்று கேட்டாள்.

“டெஸ்ட்டு ஜரிகைங்க” என்றார் பிலவேந்திரன்.

அந்த அம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. மகளைப் பார்த்து, “பாத்தியா, டெஸ்ட் பண்ணியே போட்டுருக்காங்க” என்றாள்.

பிலவேந்திரன் வாயைத் திறக்கவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. கேட்டதற்குச் சரியான பதிலைத்தான் சொன்னார், விலையும் டெஸ்ட்டு விலைதான். அவர்கள் பஸ் ஏறப் போன பிறகு அவரும் மனைவி அமலோற்பவமும் சிரித்தார்கள். அமலோற்பவத்தின் தம்பி ஆல்பின் அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு அவனும் வீட்டில் இருந்தான். இரண்டு பேரையும் விட அவன்தான் அதிகம் சிரித்தான். ‘டெஸ்ட் பண்ணியே போட்டுருக்காங்க’ என்று அந்த அம்மாள் மாதிரியே பேசிக் காட்டினான். நன்றாகப் பேசிக் காட்டுவான்.

பிலவேந்திரனுக்கு விரல் வலி வந்தது அதற்கு ஆறு வருஷம் கழித்து, நாற்பத்தாறு வயதில். காலையில் கை மூடாது, மூடினால் திறக்காது. சட்டைப் பொத்தானை அமலோற்பவம் போட்டுவிட வேண்டியிருந்தது. அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து முடக்குவாதம் என்றார்கள். வாரத்துக்கு ஒரு நாள் சாப்பிடுகிற மாத்திரை கொடுத்தார்கள். வலி பாதி போனது. மீதிப் பாதி இங்கேயே குடியிருக்க வந்தது மாதிரி இருந்துவிட்டது.

பட்டு இழை அறும். ஒரு நாளைக்கு இருபது தடவையாவது அறும். அறுந்த முனையோடு புது முனையைச் சேர்த்து, விரல் நுனியால் ஒரு திருகு திருகி முடிச்சுப் போட வேண்டும். புடவையைக் கட்டுகிறவளின் கண்ணுக்கு அது தெரியக் கூடாது. தறியில் மற்ற எல்லாவற்றுக்கும் மாற்று வந்துவிட்டது. பூ வேலைக்குக் கம்ப்யூட்டர் பெட்டி, நாடாவுக்கு நூல் தார் சுற்ற மோட்டார். முடிச்சுப் போட மட்டும் இன்னும் விரல்தான். அந்த நுனி போனால் பிலவேந்திரனுக்குத் தறியில் வேலை இல்லை. வேறு வேலை அவருக்குத் தெரியாது. கற்றுக்கொள்கிற வயதும் இல்லை.

ஆல்பின் அதற்குள் படிப்பை முடித்து இரண்டு வேலை மாறி, பைபாஸ் ரோட்டில் புதிதாக வந்த பெரிய ஆஸ்பத்திரியில் ரிசர்ச் கோஆர்டினேட்டர் ஆகியிருந்தான். கழுத்தில் அட்டை தொங்கும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அக்கா வீட்டுக்குச் சாப்பிட வரும்போதும் அதைக் கழற்ற மாட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னான்.

“மாமா, புது மாத்திர ஒண்ணு வந்துருக்குது. பழசு மாதிரி இல்ல. இது வலிய மறைக்காது. வலி எங்க உற்பத்தி ஆவுதோ அங்கியே போய்ப் பூட்டு போடும். விரல் வளையறதுக்கு முன்னாடி புடிச்சிட்டா, வளையவே வளையாது.”

“யாருக்குப் பூட்டு? வலிக்கா, எனக்கா?”

“வெளாடாத மாமா. ஒரு வருஷம். மாத்திர, ஸ்கேன், ரத்தம் எல்லாமே ஃப்ரீ.”

“எலிப்பொறியில வெக்கிற கருவாடும் ஃப்ரீதான்டா.”

அமலோற்பவம் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள். “என் தம்பி உங்களுக்குக் கெடுதல் பண்ணுவானா?” என்றாள்.

அந்த ஒரு கேள்விதான் பிலவேந்திரனை அந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. ஆல்பின் சொன்ன எதுவும் இல்லை.

அங்கே குளிர்பதன அறையில் உட்காரவைத்து, மூன்று கால் ஸ்டாண்டில் கேமராவை நிறுத்தினார்கள். சம்மதம் கொடுப்பதைப் படம் பிடிக்க வேண்டும், அது சட்டம் என்றான் ஆல்பின். மேஜையில் பதினெட்டுப் பக்கக் காகிதம், தமிழில். கேமரா ஓடத் தொடங்கியதும் மாமா என்கிற பேச்சு நின்றுவிட்டது.

“நீங்களே படிக்கிறீங்களா, நான் விளக்கிச் சொல்லட்டுங்களா?”

“நீ சொல்லுபா.”

அவன் சொன்னான். ஒவ்வொரு பக்கத்துக்கும் நாலு வார்த்தை, பக்கத்தின் அடியில் ஒரு கையெழுத்து. பிலவேந்திரன் பாதி நேரம் கேமராவின் சின்னத் திரையில் தெரிந்த தன் காலரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் மடங்கியிருந்தது. அதைச் சரி செய்ய விரல் வரவில்லை.

காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. சின்ன வெள்ளை மாத்திரை. அதோடு போனில் ஒரு டைரி. தினமும் வலிக்கு மார்க் போட வேண்டும். பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்க முடியவில்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு மஞ்சள் மூஞ்சி. பூஜ்யம் சிரிக்கும், பத்து அழும். முதல் மாதம் பிலவேந்திரன் ஏழு, ஏழு, எட்டு என்று போட்டார். ஆல்பின் வீட்டுக்கே வந்துவிட்டான்.

“மாமா, எட்டு போடாத. நாலு அஞ்சுக்குள்ள போடு.”

“வலிக்குதேடா.”

“ஜாஸ்தியா போட்டுகினே இருந்தா கம்பெனிக்காரன் உன்ன வெளிய எடுத்துடுவான். மருந்து உனக்கு ஒத்துக்கலன்னு எழுதிடுவான். கொஞ்சம் பொறு. மருந்து உடம்புல ஊறணும். அதுவும் இல்லாம, என் அக்கா வீட்டுக்காரரே தினமும் அழுற மூஞ்சி போட்டா, எனக்கு ஆபீஸ்ல இன்னா மரியாத?”

அதன் பிறகு பிலவேந்திரன் நாலு போட்டார். ஒரு நாள் விரல் கணுக்கள் பழுத்த தக்காளி மாதிரி வீங்கிக் கிடந்தன. அன்றைக்கும் நாலுதான். மச்சான் பேர் கெடக் கூடாது.

மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் அவருக்குத் துணை சக்கரவர்த்தி. அவருக்கும் அதே முடக்குவாதம், அதே மாத்திரை. களம்பூர் ரைஸ் மில்லில் எடை போடுகிற இடத்தில் சூப்பர்வைசர், திருமலைப் பக்கத்துச் சமணக் குடும்பம். பொழுது சாய்ந்த பிறகு வாயில் ஒன்றும் வைக்க மாட்டார். ராத்திரி மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது என்று முதல் நாளே சண்டை போட்டு, சாயங்காலம் ஐந்தரைக்கு மாற்றிக்கொண்டவர்.

மூன்றாவது மாதம் சக்கரவர்த்தி வராந்தாவில் நடந்து வரும்போதே கையை வீசிக்கொண்டு வந்தார்.

“பிலவேந்திரரே, நேத்து நானே ஊசி புடிச்சிக் குத்தினேன். வேட்டியில இல்ல. மூட்டையில. கோணி ஊசி.” பத்து விரல்களையும் மடக்கி, விரித்து, மறுபடி மடக்கிக் காட்டினார். “உனக்கு எப்படி?”

“பரவால்ல.”

“பரவால்லன்னா?”

“நாலு” என்றார் பிலவேந்திரன்.

ஒரே மாத்திரை, ஒரே டப்பா, ஒரே மாதம். ஆல்பினிடம் கேட்டார். உடம்புக்கு உடம்பு மாறும் மாமா, சில மண்ணுல வெத ஜல்தியா மொளைக்கும், சில மண்ணுல லேட்டாவும் என்றான். பிலவேந்திரன் அதை நம்பினார். நம்பாமல் என்ன செய்வது. ராத்திரி மாத்திரையை ஒரு நாள்கூட விடவில்லை. காய்ச்சலில் கிடந்தபோதும் அமலோற்பவம் வாயைத் திறக்கவைத்துப் போட்டாள்.

எட்டாவது மாதம் சுண்டு விரல் வெளிப்பக்கமாகச் சாயத் தொடங்கியது. அடுத்தது மோதிர விரல். கல்யாண மோதிரம் கணுவில் மாட்டிக்கொண்டது. சோப்புப் போட்டு இழுத்து, கடைசியில் தட்டாரிடம் போய் வெட்டி எடுத்தார்கள். கட்டை விரல் நடுவில் மடங்கி, நுனி பின்னால் வளைந்து நின்றது. இழை அறுந்தால் பிலவேந்திரன் தறியை நிறுத்திவிட்டு, “ஏ, வா” என்று கூப்பிடுவார். அமலோற்பவம் அடுப்படியிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து முடிச்சுப் போடுவாள். ஒரு நாளைக்கு இருபது தடவை. சில நாள் அவர் கூப்பிடாமல் அறுந்த இழையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

ஆய்வு முடிந்து நாலு மாதம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். டாக்டர் ராதிகா கோயம்புத்தூர்ப் பக்கம். நல்ல மாதிரி. பேஷன்டை உட்காரவைத்துவிட்டுத்தான் தான் உட்காருவார்.

“நல்ல செய்தி முதல்ல சொல்லிடறேங்க. மருந்து நல்லா வேலை செஞ்சிருக்கு. சாப்பிட்ட பத்துப் பேர்ல ஏழு பேருக்குப் பெரிய முன்னேற்றம். நீங்க எல்லாம் கலந்துகிட்டதாலதான் இது தெரிஞ்சுது.”

“சந்தோஷங்க.”

“இப்பத்தான் யாருக்கு எது போச்சுன்னு கம்ப்யூட்டர் லிஸ்ட் வந்தது. உங்களுக்கு வந்தது மருந்து இல்லாத மாத்திரைங்க.”

பிலவேந்திரனுக்கு அது ரேஷன் கடைப் பேச்சு மாதிரி கேட்டது. “எந்த மாசத்துலேர்ந்துங்க ஸ்டாக் இல்லாம போச்சு?” என்றார்.

டாக்டர் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தார். “ஸ்டாக் இல்லாம இல்லைங்க. முதல் நாள்லேர்ந்தே அதுதான். பாதிப் பேருக்கு மருந்து. பாதிப் பேருக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கிற மாத்திரை, உள்ளே வெறும் மாவு. ரெண்டையும் ஒப்பிட்டாத்தான் மருந்து நிஜமாவே வேலை செய்யுதான்னு தெரியும். ஆரம்பத்துலயே சொல்லியிருப்பாங்களே.”

“சொல்லலைங்க.”

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் டாக்டரின் முகம் மாறிவிட்டது. இது அங்கே சின்னப் பேச்சு இல்லை போல. ஆல்பினைக் கூப்பிட்டார். பிலவேந்திரனின் வீடியோவைத் தேடி எடுக்கச் சொன்னார். ஆல்பின் கொண்டுவந்து போட்டான். பிலவேந்திரனின் பக்கம் திரும்பவே இல்லை.

திரையில் பதினாறு மாதத்துக்கு முந்தைய பிலவேந்திரன் காலர் மடங்கி உட்கார்ந்திருந்தார். விரல்கள் நேராக இருந்தன. முதலில் அவர் அதைத்தான் பார்த்தார். வீங்கியிருந்தன, ஆனால் நேராக இருந்தன.

திரையிலிருந்த ஆல்பின் சொன்னான்: “ரெண்டு கோஷ்டியா பிரிப்பாங்க. ஒரு கோஷ்டிக்குப் புது மருந்து. இன்னொரு கோஷ்டிக்கு டெஸ்ட்டு மாத்திரை. யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர்தான் முடிவு பண்ணும். எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. புரிஞ்சுதுங்களா?”

திரையிலிருந்த பிலவேந்திரன் தலையாட்டினார். “புரிஞ்சுது, புரிஞ்சுது. புதுசுன்னா கொஞ்சம் பயமா கீதுபா. டெஸ்ட் பண்ணதே நமக்கு வரட்டும்.” சொல்லிவிட்டுக் கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

ஆல்பின் ஒரு விநாடி தலை குனிந்து காகிதத்தைப் பார்த்தான். வாயைத் திறக்கவில்லை. பிறகு பக்கத்தைத் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினான்.

டாக்டர் வீடியோவை நிறுத்தினார். “டெஸ்ட்டு மாத்திரையா? ஃபார்ம்ல ‘மருந்து இல்லாத மாத்திரை’ன்னுதானே இருக்கு? நீ ஏன் வார்த்தையை மாத்தினே?”

“புரியற மாதிரி உள்ளூர் வார்த்தையில சொல்லலாம்னு ரூல்ல இருக்குது, மேடம். இங்க தறிக்காரங்ககிட்ட டெஸ்ட்டுன்னா ஒரிஜினல் இல்லாததுன்னு அர்த்தம். ஜரிகைக்கு அப்படித்தான் சொல்லுவோம். யார வேணும்னாலும் கேளுங்க.”

டாக்டர் பிலவேந்திரனிடம் திரும்பினார். “அப்படிங்களா? உங்க ஊர்ல அப்படிச் சொல்றதுண்டா?”

இல்லை என்று சொல்லலாம். சொன்னால் ஆல்பின் கழுத்தில் அந்த அட்டை இருக்காது. பிலவேந்திரனுக்கு அந்தக் கணத்தில் அவன் மேல் இரக்கம் ஒன்றும் இல்லை. அவரைத் தடுத்தது வேறு. முப்பது வருஷம் ஜரிகை போட்டவன், டெஸ்ட் என்றால் என்னவென்று தெரியாது என்று ஒரு கோயம்புத்தூர்க்காரரிடம் சொல்ல வேண்டும். அவருக்கு நாக்கு வரவில்லை.

“ஆமாங்க” என்றார். “டெஸ்ட்டுன்னா போலிங்க.”

டாக்டர் மூச்சு விட்டார். ஏதோ எழுதிக்கொண்டார். இனிமேல் ஃபார்மில் உள்ள வார்த்தையை மாற்றக் கூடாது என்று ஆல்பினைக் கண்டித்தார். பிறகு மற்றதைச் சொன்னார். மாவு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு ஒரு வருஷம் உண்மையான மருந்து தருவார்கள். வலி நிற்கும். மற்ற விரல்கள் வளையாது. வளைந்தது நிமிராது. அதற்குப் புதிதாகச் சம்மதம் எழுத வேண்டும்.

“நிமிரவே நிமிராதுங்களா?”

“மன்னிச்சுக்கோங்க” என்றார் டாக்டர்.

ஆல்பின் அவர் பின்னாலேயே மோட்டார் சைக்கிள் நிறுத்துகிற இடம் வரைக்கும் வந்தான். வெயில் கொளுத்தியது.

“மாமா, சத்தியமா உனக்கு எது போச்சுன்னு எனக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் போட்ட சீட்டு.”

“அது தெரியும்.”

“போலின்னு சொன்னா ஒருத்தனும் சேர மாட்டான் மாமா. இருவத்திரெண்டு பேர் சேக்கலன்னா இந்த ஊருக்கு அந்த ஆய்வே வந்துருக்காது. யாராவது அந்தப் பக்கம் நின்னாத்தான் மருந்து வேல செய்யுதான்னு தெரியும். நாளைக்கு உன் பேரப்புள்ளிங்களுக்கும் இதே மருந்துதான் வரப்போவுது.”

“நான் டெஸ்ட் பண்ணதே வரட்டும்னு சொன்னேனே. அப்ப இன்னா நெனச்ச?”

ஆல்பின் கழுத்து அட்டையைக் கையில் பிடித்துத் திருப்பினான்.

“பெரணமல்லூர் அம்மாவ நெனச்சியா?”

“...ஆமா.”

“சிரிப்பு வந்துச்சா?”

“இல்ல மாமா. சிரிப்பு வரல.”

“கேட்டிருந்தா நின்னிருப்பேன்டான்னு சொல்ல மாட்டேன்” என்றார் பிலவேந்திரன். “கேட்டிருந்தா ஓடியிருப்பேன். அது உனக்குத் தெரியும். அதனாலதான் கேக்கல.” வண்டிச் சாவியைத் திருகக் கட்டை விரல் ஒத்துழைக்கவில்லை. ஆல்பின் கையை நீட்டினான். பிலவேந்திரன் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். வண்டியை மறுநாள் தெருவில் ஒருவனை அனுப்பி எடுத்து வந்தார்கள்.

அமலோற்பவத்திடம் அவர் அதிகம் சொல்லவில்லை. நடந்ததை நாலு வரியில் சொன்னார். அவன் வேணும்னு பண்ணியிருக்க மாட்டான் என்று ஆரம்பித்தாள். “அந்த அம்மா பேசின மாதிரி பேசிக் காட்டுவானே, ஞாபகம் கீதா?” என்றார். அவள் நிறுத்திவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வழக்கம் போலத் தம்பிக்கும் சேர்த்துத்தான் உலை வைத்தாள். பிலவேந்திரன் தடுக்கவில்லை. சோறு வேறு, கையெழுத்து வேறு. ஆல்பின் வரவில்லை.

பீரோவுக்கு மேலே அந்தப் பதினெட்டுப் பக்கத்தின் நகல் கிடந்தது. கொடுத்த நாளிலிருந்து யாரும் தொடவில்லை. பிலவேந்திரன் பத்தாவது பாஸ். கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்து படித்தார். நாலு நாள் ஆனது. நல்ல தமிழ்தான். நாலாம் பக்கத்தில் ‘மருந்து இல்லாத மாத்திரை’ என்று தடித்த எழுத்தில் இருந்தது. அதில் அவருக்குப் புதிய வலி ஒன்றும் இல்லை. அந்த வலியைப் பட்டு முடித்திருந்தார்.

பதினோராம் பக்கத்தில்தான் இருந்தது. வலியின் மதிப்பெண் தொடர்ந்து ஐந்து வாரங்கள் ஆறுக்கு மேல் பதிவானால், பங்கேற்பவர் எந்தப் பிரிவில் இருந்தாலும், அவருக்கு உடனடியாக மருந்து உள்ள மாத்திரை வழங்கப்படும்.

அதை மூன்று தடவை படித்தார். பிறகு போனை எடுத்து டைரியைத் திறந்தார். அது இன்னும் அழியாமல் இருந்தது. நாலு. நாலு. நாலு. நாலு. சிரிக்கவும் செய்யாத, அழவும் செய்யாத மூஞ்சி, வரிசையாக முந்நூற்றுச் சொச்சம். ஏழு என்று உண்மையைப் போட்டிருந்தால் இரண்டாவது மாதமே அசல் மாத்திரை கைக்கு வந்திருக்கும். அப்போது எல்லா விரலும் நேராக இருந்தது.

அமலோற்பவம் எட்டிப் பார்த்து, “இன்னா படிக்கிறீங்க?” என்றாள். பதினோராம் பக்கத்தை அவளிடம் கொடுத்தார். அவள் படித்தாள். மார்க்கு நாலு போடச் சொன்னபோது அவளும் பக்கத்தில்தான் நின்றாள். காகிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். 

கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடுகிற இடத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் மூன்று வரி இருந்தது. படிக்கத் தெரியாதவராக இருந்தால் கைநாட்டு வைக்கலாம். அப்படியானால் எல்லாப் பக்கங்களையும் வரிக்கு வரி உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். ஆஸ்பத்திரியைச் சேராத சாட்சி ஒருவர் முழுவதையும் கூட உட்கார்ந்து கேட்க வேண்டும்.

அடுத்த வாரம் காலை பத்தரைக்கு பிலவேந்திரன் அந்தக் குளிர்பதன அறைக்குள் போனார். சக்கரவர்த்தியும் கூட வந்தார். அதே மேஜை, அதே கேமரா, புதிய ஃபார்ம். ஆல்பின் எழுந்து நின்றான். இளைத்திருந்தான்.

“கேமரா போட்டியா?” என்றார் பிலவேந்திரன். “போடு. எனக்குப் படிக்கத் தெரியாது. கைநாட்டு. இவரு சாட்சி.”

“மாமா, நீ பத்தாவது பாஸ்.”

“உன்ன நம்பிக் கையெழுத்துப் போட்டவன் பத்தாவது பாஸ். இப்ப வந்திருக்கறவன் கைநாட்டு. எழுதிக்க.”

ஆல்பின் வெளியே போய் டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்தான். டாக்டர் ராதிகா கதவருகில் வந்து நின்று பிலவேந்திரனைப் பார்த்தார், அவர் கையைப் பார்த்தார். “அவர் சொல்ற மாதிரியே செய்” என்றார்.

சக்கரவர்த்தி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “எத்தினி பக்கம்?”

“இருபதுங்க.”

“பொழுது சாயறதுக்குள்ள முடிச்சிடு தம்பி. எனக்குச் சாப்பாடு போயிடும்.”

ஆல்பின் படித்தான். முதல் இரண்டு பக்கம் அலுவலகக் குரலில் ஓடியது. “மெதுவா” என்றார் பிலவேந்திரன். மெதுவாகப் படித்தான். சக்கரவர்த்தி நடுநடுவே நிறுத்தி அர்த்தம் கேட்டார். கல்லீரல் எங்கே இருக்கிறது என்று கேட்டார். ஒரு வார்த்தையைக்கூட மாற்றாமல் சொல்லு, சாட்சி நான்தான், நாளைக்கு என்னத்தான் கேப்பாங்க என்றார். மதியம் சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள். பிறகு மறுபடியும். கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

பன்னிரண்டாம் பக்கத்தில் வலிக்கு மார்க் போடுவது பற்றிய விதி வந்தது. “வலியின் மதிப்பெண்ணை உள்ளது உள்ளபடி பதிவு செய்ய வேண்டும்” என்று படித்தான் ஆல்பின். “குறைத்தோ கூட்டியோ பதிவு செய்யுமாறு ஆய்வுக் குழுவினர் எவரும்...” அங்கே நின்றான். தண்ணீர் குடித்தான்.

“எவரும்?” என்றார் சக்கரவர்த்தி.

“...எவரும் அறிவுறுத்தக் கூடாது.”

“இது பழைய ஃபார்ம்லயும் இருந்துச்சா?”

“இருந்துச்சுங்க.”

சக்கரவர்த்தி தன் நிமிர்ந்த விரல்களை மடியில் கோத்து வைத்துக்கொண்டார். 

நாலரைக்கு முடிந்தது. “ஏதாவது கேள்வி இருக்குதுங்களா?” என்றான் ஆல்பின். அந்தக் கேள்வியும் ஃபார்மிலேயே இருந்தது.

“ஒண்ணுதான். இந்தத் தடவ மாத்திரையில மருந்து இருக்குதா?”

“இருக்குதுங்க.”

“உள்ளூர் வார்த்தையில சொல்லு.”

ஆல்பின் ஃபார்மிலிருந்து கண்ணை எடுத்தான். “அசல்” என்றான். “டெஸ்ட்டு இல்ல.”

பிலவேந்திரன் கட்டை விரலை நீட்டினார். அது நீட்டினாலும் நேராக நிற்கவில்லை. நடுவில் மடங்கி, நுனி வானத்தைப் பார்த்தது. மைப் பெட்டியில் அவராக அழுத்திப் பார்த்தார். நகம்தான் பட்டது. ஆல்பின் மேஜையைச் சுற்றி வந்து, குனிந்து, இரண்டு கையாலும் அந்த விரலைப் பிடித்து மையில் உருட்டி, காகிதத்தில் வைத்து அழுத்தினான். பாதி ரேகைதான் விழுந்தது.

“சரியா விழல மாமா” என்றான். கேமரா ஓடிக்கொண்டிருந்ததை மறந்துவிட்டான் போல. “மறுபடி வெக்கணும்.”

“வெச்சுக்க” என்றார் பிலவேந்திரன். “விழற வரைக்கும் வெச்சுக்க.”